நிலானிக்குக் கிடைத்த அறுநூறு மணித்தியாலம்

1

"உங்களுக்கென்ன மச்சான், அங்கை பிள்ளையளின்ரை படிப்பு முழுக்க அரசாங்கமெல்லோ பாக்குது!"

என் பள்ளித் தோழன் கருணா நெல்லியடியிலிருந்து வட்சப்பில் எடுத்தால் இந்த வசனம் வராமல் கதை முடியாது. போன கிழமையும் வந்தது. தன் மகனை நேசறியில் சேர்க்கப் பட்ட பாட்டையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டு, கடைசியில் எனக்கு இப்படி ஒரு குத்து. வழமையாக "ஓம் மச்சான்" என்று சொல்லி வைத்துவிடுவேன். அன்று அப்படி விட மனம் வரவில்லை. பின்னேரம் காருக்குள் என் மகள் நிலானி கேட்ட ஒரு கேள்வி இன்னும் காதுக்குள் கிடந்தது. ஆனாலும் தொலைபேசியில் சொல்கிற விசயமில்லை. அதுதான் இங்கே எழுதுகிறேன். ஊரில் இருக்கிற மற்றக் கருணாக்களும் வாசிக்கட்டும்.

அரசாங்கம் பார்ப்பது உண்மைதான். எப்படிப் பார்க்கிறது என்பதை முதலில் விளங்கப்படுத்த வேண்டும். எனக்கே இது விளங்க ஒரு வருடம் எடுத்தது.

இங்கே சிட்னியில் பிள்ளை பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முந்திய வருடம் முன்பள்ளிக்குப் போகவேண்டும். அந்த வருடத்துக்கு அறுநூறு மணித்தியாலம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அதற்கு அரசாங்கம் பணம் ஒதுக்குகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்த மணித்தியாலங்களைக் கொண்டுபோய் எங்கே செலவழிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒன்று, டே கெயர். விடியத் திறந்து பொழுதுபட மூடுவார்கள், வருடம் முழுக்க நடக்கும், கட்டணம் கண்ணைக் கட்டும். அதில் பெரும்பகுதியை வேறொரு திட்டத்தில் மத்திய அரசு கொடுக்கும், யாருக்குக் கொடுக்கலாம் என்று அவர்கள் நினைக்கிறார்களோ அவர்களுக்கு. மற்றது, அரச ஆரம்பப் பள்ளிக்கூடங்கள் சிலவற்றோடு ஒட்டியிருக்கும் முன்பள்ளி. அங்கே கட்டணம் இல்லை, அல்லது பெயருக்குத்தான். ஆனால் ஒரு கிழமை இரண்டு நாள், அடுத்த கிழமை மூன்று நாள். ஒன்பது மணிக்குத் தொடங்கி மூன்று மணிக்கு முடிந்துவிடும். பள்ளிக்கூட விடுமுறை வந்தால் அதுவும் பூட்டு. இந்த நாட்டில் எந்தத் தாய் இப்படி ஒரு கிழமை இரண்டு நாளும் மறு கிழமை மூன்று நாளும் வேலைக்குப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. அப்படியிருந்தும் அந்த இடங்களுக்குத்தான் அடிபிடி.

2

நான் படகில் வந்தவன். சொல்ல வெட்கமில்லை. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, அவ்வளவுதான். பன்னிரண்டு வருடம் கடந்துவிட்டது. என் கதையை அதிகாரிகள் கேட்டார்கள், எழுதினார்கள், திரும்பக் கேட்டார்கள், முதல் சொன்னதற்கும் பிறகு சொன்னதற்கும் என்ன வித்தியாசம் என்று தேடினார்கள். கடைசியில் நம்பவில்லை என்று எழுதி அனுப்பினார்கள். அதன்பிறகு மேன்முறையீடு, காத்திருப்பு, பிரிட்ஜிங் விசா. அந்த விசாவின் பொருள் இதுதான்: நீ இங்கே இருக்கப்போகிறவன் என்று நினைக்காதே, ஆனால் இன்றைக்கே போகவும் தேவையில்லை. வேலை செய்யலாம். வரி கட்டலாம். என் மனைவி சுகந்தியும் இப்படித்தான் வந்தவள். இங்கேதான் சந்தித்தோம். ஹெலன்ஸ்பர்க் கோயிலில் தாலி கட்டினேன்.

நிலானி பிறந்தது மேற்குச் சிட்னியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில். அதன் எந்த மாடியில் ஏறி நின்றாலும் கடல் தெரியாது. ஆனால் அவளுடைய குடிவரவுக் கடிதத்தில் அவளும் அனுமதியில்லாமல் கடல் வழியாக வந்தவள். தாய் தகப்பன் எப்படி வந்தார்களோ பிள்ளையும் அப்படித்தான் என்று சட்டம். அந்தக் கடிதத்தை முதல்முறை வாசித்தபோது சுகந்தி சொன்னாள்: "பிள்ளை வயித்துக்குள்ளை நீந்தினதைச் சொல்லுகினம் போலை." இருவரும் சிரித்தோம். பிறகு அவள் குசினிக்குள் போய் அழுதாள்.

நான் ஒரு குளிர் களஞ்சியத்தில் இரவு வேலை. சுகந்தி முதியோர் இல்லமொன்றின் குசினியில் காலை வேலை. இரண்டுக்கும் நடுவில் பிள்ளையைப் பென்டில் ஹில்லில் செல்வி அன்ரி வீட்டில் விட்டுவந்தோம். நான்கைந்து தமிழ்ப் பிள்ளைகளை அவர் பார்த்தார். சோறு தீத்தினார், பாட்டுச் சொல்லிக் கொடுத்தார், அடியும் போட்டிருப்பார். போன வருடம் நடுப்பகுதியில் அவருடைய மகன் மெல்பேர்ணில் வீடு வாங்கி அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அதோடு எங்கள் பாடு திண்டாட்டம்.

அன்றிலிருந்து நிலானி என்னோடு. என்னோடு என்றால், நித்திரையாகக் கிடக்கிற என்னோடு. நான் வேலை முடிந்து வந்ததும் சுகந்தி புறப்படுவாள். போகும்போது பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போவாள்: "சத்தம் போடாதை அம்மா, அப்பா நித்திரை கொள்ளோணும்." டூங்கபியில் எங்களுடையது ஓர் அறை வீடு. திரையை இழுத்துவிட்டால் பகலும் இருட்டு. அதற்குள் அவள் ரப்லெற்றில் சத்தமில்லாமல் படம் பார்ப்பாள். பொம்மைகளுக்கு இரகசியமாகச் சாப்பாடு கொடுப்பாள். பசித்தாலும் என்னைத் தட்டமாட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நிற்பாள். நான் கண்ணைத் திறந்தால் அவளுடைய முகம் என் முகத்துக்கு நேரே இருக்கும். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்டால் சிரிப்பாள்.

அந்த இருட்டு அறைக்குள்ளிருந்து அவளை வெளியே எடுக்கவேண்டும். எங்களுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

3

மேல்மாடியில் கவிதா இருக்கிறாள். சென்னைப் பிள்ளை, கணினி வேலை, புருசனும் அப்படி. குடியுரிமை எடுத்துவிட்டார்கள். நல்ல மனம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, டே கெயருக்கு மத்திய அரசு கொடுக்கும் உதவியை எங்களுக்கு விளங்கப்படுத்த இறங்கி வந்தாள்.

"மொதல்ல உங்க வருமானம் அண்ணா. அதை வச்சு எத்தனை சதவீதம்னு வரும். அப்புறம் ரெண்டு பேரும் எவ்ளோ நேரம் வேலை பார்க்கறீங்கன்னு கேட்பான். ஆனா ஜனவரியில இருந்து அந்தத் தொல்லையும் இல்ல. வேலை பார்த்தாலும் பார்க்கலைன்னாலும் எல்லாருக்கும் வாரத்துக்கு மூணு நாள். கேரண்டின்னே போட்டிருக்கான்."

சுகந்தி என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைக் கண்டு எவ்வளவோ காலம். எனக்கோ அந்த 'எல்லாருக்கும்' என்ற சொல்லில் ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை.

"உங்க விசா என்ன டைப்?" என்று கேட்டாள் கவிதா. சொன்னேன். திரையை இறக்கிப் பார்த்தாள், ஏற்றிப் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தாள்.

"இதுல உங்களோடது வரலையே அண்ணா."

"வராது தங்கச்சி."

"எல்லாருக்கும்னு போட்டிருக்கானே?"

"எல்லாருக்கும் எண்டா எங்களை விட்டிட்டு எண்டுதான் அர்த்தம். நீங்கள் தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நான்தான் ஆறுதல் சொல்லவேண்டியிருந்தது. அரச உதவி இல்லாமல் டே கெயரில் விடுவதென்றால் சுகந்தி உழைப்பதை அப்படியே கொண்டுபோய் அங்கே கொடுக்கவேண்டும். கடைசியில் கவிதாதான் சொன்னாள், பள்ளிக்கூடத்தோடு சேர்ந்த முன்பள்ளி மாநில அரசினுடையது, இந்தக் கணக்கு அங்கே இல்லை, போய்க் கேட்டுப் பாருங்கள் என்று. அது எங்கள் வீட்டுக்குக் கிட்டத்தான் இருந்தது.

4

விண்ணப்பம் போட்டோம். "பிள்ளையோடு ஒருநாள் வாருங்கள், சற்று நேரம் கதைக்கலாம்" என்று பதில் வந்தது. கதைக்கலாம் என்றால் கதைப்பதுதான் என்று இந்த நாட்டார் நினைப்பார்கள். நாங்கள் அப்படி நினைக்கிற ஆட்களா? எங்களுக்கு அது நேர்முகப் பரீட்சை. ஊரில் ஒரு நல்ல பள்ளிக்கூடத்தில் முதலாம் வகுப்புக்குப் பிள்ளையைக் கொண்டுபோனவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கிராமசேவகர் கடிதம், தகப்பன் பழைய மாணவன் என்பதற்கு அத்தாட்சி, அதிபருக்குத் தெரிந்த ஒருவரின் சிபாரிசு. பிள்ளை கெட்டிக்காரி, குடும்பம் ஒழுங்கானது, நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பாரமாக இருக்காது என்று காட்டினால்தான் கதவு திறக்கும்.

சுகந்தி அன்றே பயிற்சியைத் தொடங்கிவிட்டாள். நிறங்கள், இலக்கங்கள், ஆங்கில அரிச்சுவடி. "மை நேம் இஸ் நிலானி. ஐ ஆம் ஃபோர் இயர்ஸ் ஓல்ட்." என் பிள்ளைக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தமும் இவ்வளவுதான். அதையும் அவள் கிளி மாதிரிச் சொன்னாள். பென்டில் ஹில்லில் புதுச் சட்டை வாங்கினோம். நான் கவிதாவின் புருசனுடைய ரையைக் கட்டினேன். வெறுங்கையோடு போகக்கூடாதென்று ஒரு பெட்டி லட்டும் வாங்கிக்கொண்டோம்.

பொறுப்பாசிரியை லின்டா என்று ஒரு மனுசி. சப்பாத்திலும் கையிலும் பெயின்ற். தான் நிலத்தில் சப்பணம் கட்டி இருந்துகொண்டு எங்களைப் பிள்ளைகளின் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். முழங்கால் நாடியில் முட்ட, கழுத்தில் ரையோடு நான் இருந்த கோலத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். லட்டைக் கொடுத்ததும் "இதில் கொட்டைகள் இருக்கா?" என்று கேட்டார். கஜு இருந்தது. சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாதாம். பெட்டியைக் கும்பிடாத குறையாக வாங்கி அலுமாரியின் உச்சியில் வைத்தார்.

பிறகு கேள்விகள். வீட்டில் என்ன மொழி?

"இங்கிலீஷ், மிஸ். மோஸ்ட்லி இங்கிலீஷ்." வாய் கூசாமல் சொன்னேன்.

உதவிக்குச் சொந்தக்காரர் இருக்கிறார்களா? "யெஸ் மிஸ், மெனி." பிள்ளையை டே கெயர் மாதிரி வேறு இடத்தில் விடுவதில் ஏதும் கஷ்டம் உண்டா? "நோ ப்ரொப்ளம்." உங்களுக்கு ஏதாவது கவலை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். "நத்திங், மிஸ். எவ்ரிதிங் குட்." சுகந்தி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

நிலானி எழும்பி நின்று எல்லாவற்றையும் ஒப்புவித்தாள். லின்டா கை தட்டினார். இவளைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம் என்றார். வெளியே வந்து கேற்றைச் சாத்தியதும் சுகந்தி என் கையைப் பிடித்து, "பாஸ்!" என்றாள். அன்று பின்னேரம் கடைக்குப் போய் மட்டன் ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டோம்.

5

இடமில்லை என்று மின்னஞ்சல் வந்தது. காத்திருப்போர் வரிசையில் போட்டிருக்கிறார்களாம். அதிகம் தேவையுள்ள பிள்ளைகளுக்கு முதலிடம் கொடுக்கவேண்டியிருக்கிறதாம். நிலானி இவ்வளவு கெட்டிக்காரியாகவும் நல்ல ஆதரவோடும் இருப்பது மகிழ்ச்சியாம்.

கவிதாவிடம் காட்டினேன். வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணா, அங்க போய் என்ன சொன்னீங்க?"

சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ! அங்க கஷ்டத்தைச் சொல்லணும்ணா. கஷ்டம் இருக்கறவங்களுக்குத்தான் மொதல்ல குடுப்பாங்க. நீங்க என்ன, பொண்ணு பார்க்க வந்தவங்ககிட்ட பேசற மாதிரி பேசிட்டு வந்திருக்கீங்க!"

நேர்முகப் பரீட்சை என்று நினைத்தது உண்மைதான். ஆனால் அது மட்டுமில்லை. சுகந்திக்கும் நான் அதைச் சொல்லவில்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து கஷ்டம் சொல்வதுதான் என் வேலை. மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர் இருப்பார், இந்தப் பக்கம் நான் என் காயங்களைச் சொல்லவேண்டும். எந்த மாதம், எந்த இடம், எத்தனை பேர், அப்போது நீ ஏன் ஓடவில்லை. சொந்த அண்ணன் செத்த கதையைக்கூட அவர்களுக்குப் பிடித்த ஒழுங்கில் சொல்லவேண்டும். அந்தச் சின்னக் கதிரையில் இருந்தபோது, ஒரு நாளாவது, என் பிள்ளைக்கு முன்னால் மட்டுமாவது, கதை ஒன்றும் இல்லாத ஒரு தகப்பனாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். நோ ப்ரொப்ளம் என்று சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்தது. பொய் என்று தெரிந்தும் நிமிர்ந்தது.

என் உண்மையை இந்த நாட்டில் ஒருவரும் நம்பவில்லை. என் பொய்யை முதல் தடவையே நம்பிவிட்டார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

6

இந்த வருடப் பள்ளிக்கூடம் தொடங்கிச் சில கிழமைகளில், திரும்பவும் போய்க் கேட்பதென்று சுகந்தி முடிவெடுத்தாள். "இந்த முறை நான் கதைக்கிறன். நீங்கள் வாயைத் திறக்கவேண்டாம்."

ரை இல்லை, லட்டு இல்லை. நிலானிக்குப் பழைய சட்டை. கேற்றடியில் காரை நிற்பாட்டிவிட்டு நான் பின்னால் திரும்பினேன். பிள்ளை வழக்கம்போல ஒப்புவிக்க ஆயத்தமாக, முதுகை நிமிர்த்திக்கொண்டு இருந்தாள்.

"நிலானி, இண்டைக்கு ரீச்சர் என்ன கேட்டாலும் ஒண்டும் சொல்லக்கூடாது. இங்கிலீஷ் கதைக்காதை. கதைச்சியெண்டா உன்னை எடுக்கமாட்டினம். விளங்குதோ?"

"மை நேம் இஸ் எண்டதும் சொல்லக்கூடாதோ, அப்பா?"

"அதுவும் வேண்டாம்."

சுகந்தி எனக்குப் பக்கத்தில் நேரே பார்த்தபடி இருந்தாள்.

லின்டா தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்து ஒலிபெருக்கியில் போட்டார். எங்கோ இருந்து ஒரு வயதான தமிழ்நாட்டுக் குரல். சுகந்தி சொன்னாள். இருட்டு அறையைச் சொன்னாள். சத்தமில்லாத ரப்லெற்றைச் சொன்னாள். பிள்ளை மற்றப் பிள்ளைகளோடு விளையாடி எவ்வளவு நாள் என்று சொன்னாள். அழுதாள், மூக்கைச் சிந்தினாள், திரும்பவும் சொன்னாள். அந்தக் குரல் அவ்வளவையும் கேட்டுவிட்டு இரண்டு வசனத்தில் இங்கிலீஷில் சொல்லி முடித்தது. நான் நிலத்தில் கிடந்த கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு லின்டா நிலானிக்கு முன்னால் முழங்காலில் நின்று, உன் பெயர் என்ன கண்ணே என்று கேட்டார். அவளுக்கு நன்றாகத் தெரிந்த கேள்வி. அவள் என்னைப் பார்த்தாள். விடை தொண்டைவரை வந்து நின்றது எனக்குத் தெரிந்தது. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். லின்டா திரும்பத் திரும்ப, மெதுவாக, சிரித்த முகத்தோடு கேட்டார். நிலானியின் கண் நிறைந்தது. வாய் திறக்கவில்லை.

லின்டா ஏதோ எழுதிக்கொண்டார். இவள் முதல் வந்தபோது நன்றாகக் கதைத்தாளே என்று அவர் கேட்கவில்லை. மறந்துவிட்டாரோ, எல்லாம் விளங்கித்தான் பேசாமல் இருந்தாரோ, எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது சுகந்தி 'பாஸ்' என்று சொல்லவில்லை. அடுத்த மாதம் ஒரு குடும்பம் வேறு இடத்துக்கு மாறிப்போக, நிலானிக்கு இடம் கிடைத்தது.

7

அறுநூறில் கொஞ்சம் போய்விட்டது. மிச்சம் அவளுக்கு. ஒரு கிழமை இரண்டு நாள், அடுத்த கிழமை மூன்று நாள். நான் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து படுக்கிறேன். மூன்று மணிக்கு முந்தி எழும்பிப் போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவள் போகாத நாட்களில் அதே இருட்டு அறைதான். ஆனாலும் போகும் நாட்களில் காலில் மண்ணும் தலையில் பெயின்றுமாக வருவாள். அதைப் பார்த்து மனம் ஆறியிருந்தேன்.

போன கிழமை கூட்டிவரப் போனபோது லின்டா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். நிலானி நல்ல பிள்ளை, எல்லாவற்றையும் செய்கிறாள், சொன்னால் விளங்குகிறது. ஆனால் வந்த நாளிலிருந்து ஒரு சொல்லும் பேசவில்லை. இங்கிலீஷும் இல்லை, தமிழும் இல்லை. விழுந்து முழங்கால் உரசுப்பட்ட அன்றும் சத்தமில்லாமல்தான் அழுதாளாம். பேச்சுப் பயிற்சியாளர் ஒருவருக்குக் காட்டலாமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வீட்டில் அவள் வாய் ஓயாது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் எதை இழக்கவேண்டி வருமோ என்று பயம்.

காரில் ஏற்றி பெல்ற்றைப் போட்டுவிட்டுக் கேட்டேன். "ஏன் அம்மா ரீச்சரோடை ஒண்டும் கதைக்கிறேல்லை?"

பரீட்சை வைக்கிறேனோ என்று பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, கேற்றடியில் நின்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்.

"நீங்கள்தானே சொன்னீங்கள். நான் கதைக்கவே இல்லை, அப்பா. ஒருநாளும் கதைக்கேல்லை."

நான் சாவியைப் போட்டுத் திருப்பினேன். அவளே கேட்டாள்.

"கதைச்சா என்னை அனுப்பிப்போடுவினமோ?"

இந்தக் கேள்வியைத்தான் கருணாவுக்குத் தொலைபேசியில் சொல்ல முடியவில்லை. நாலு வயதுப் பிள்ளை. படகைக் கண்ணால் கண்டதில்லை. எங்கள் கடிதங்களை வாசிக்கத் தெரியாது. ஆனால் இந்த நாட்டில் எங்களைப் போன்றவர்கள் எப்படி இருக்கவேண்டும் என்று அவளுக்கு நானே படிப்பித்து முடித்திருக்கிறேன். இதுவரை கிடைத்த மணித்தியாலமெல்லாம் அவள் படித்தது அதைத்தான்.

"அனுப்பமாட்டினம் அம்மா," என்றேன். "ஒருத்தரும் அனுப்பமாட்டினம். நீ கதை."

யாராவது ஒருவர் என்னிடம் சொல்லவேண்டும் என்று பன்னிரண்டு வருடமாக நான் காத்திருக்கிற வசனம் அது. உண்மையா பொய்யா என்று எனக்கே தெரியாது.

அவள் முதல் தடவையே நம்பிவிட்டாள்.